ஒரே எண் இருவருக்கு வராமல் இருக்க



பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள். கிளவுட் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பேசிக்கொள்ளும்போது ‘யுயுஐடி’ என்ற சொல் அடிக்கடி காதில் விழும். நடுவே நான்கு சிறு கோடுகளோடு, 36 எழுத்து நீளத்துக்கு ஒரு எண். பார்த்தால் குழந்தை கிறுக்கியது போல இருக்கும். அதற்குப் பின்னால் நல்லதொரு வரலாறு இருக்கிறது.

நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு உண்டல்லவா? ஒரே பதிவேடு, ஒரே தலைமையாசிரியர், வரிசையாக எண். அதில் குழப்பமே வராது. ஆனால் இரண்டு பள்ளிகளை ஒன்றாக இணைத்தபோது, இரண்டு பதிவேட்டிலும் 347ஆம் எண் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பல வருடம் கழித்து மாற்றுச் சான்றிதழின் நகல் கேட்டு வந்த ஒருவருக்கு, அடுத்த பதிவேட்டுக்காரரின் பிறந்த தேதியை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதைத் திருத்தி வாங்குவதற்குள் அவருக்குக் கிடைக்க இருந்த வேலை போய்விட்டது.

கிளவுடில் ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே நொடியில் ஆளுக்கொரு பதிவேடு எழுதுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு தலைமைக் கணினியிடம் போய் “அடுத்த எண் என்ன?” என்று கேட்டு நின்றால் ரேஷன் கடை வரிசைதான். தலைமை படுத்துவிட்டால் எல்லாமே நின்றுவிடும்.

வரிசை எண்ணுக்கு இன்னொரு குறையும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் தங்கள் டாங்கிகளின் பாகங்களில் ஒழுங்காக வரிசை எண் பொறித்தார்கள். கைப்பற்றிய டாங்கிகளின் எண்களை வைத்துக்கொண்டு, மாதத்துக்கு எத்தனை தயாராகிறது என்று நேச நாடுகளின் புள்ளியியலாளர்கள் கணக்குப் போட்டார்கள். 1942 ஆகஸ்டுக்கு அவர்கள் சொன்ன கணக்கு 327. உளவுத்துறை சொன்னது 1,550. போர் முடிந்து ஜெர்மன் ஆவணங்களைப் பார்த்தால் 342! ஒற்றர்களைவிடக் கணக்கு வாத்தியார்கள் கெட்டிக்காரர்கள் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. இன்றும் ஒரு கடையின் பில் எண்ணை மாத முதலிலும் கடைசியிலும் பார்த்தால் வியாபாரம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

சரி, தலைமை இல்லாமல் எண் கொடுப்பது எப்படி? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1980இல் தொடங்கிய அப்பல்லோ கம்ப்யூட்டர் என்ற நிறுவனம் (நம் ஊர் ஆஸ்பத்திரி அல்ல) ஒரு வழி கண்டது. எண்ணைப் பிறப்பித்த நேரம், பிறப்பித்த கணினியின் எண், இரண்டையும் ஒட்டிவிட்டால் போதும். ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருவர் பிறக்க முடியாதல்லவா? முதலில் 64 பிட், பிறகு 128 பிட். நேரத்தை 1980 ஜனவரி 1இலிருந்து, 4 மைக்ரோ நொடிக்கு ஒன்றாக எண்ணினார்கள். அதற்கு ஒதுக்கிய 48 பிட் 2015 செப்டம்பரோடு நிரம்பிவிடும். நல்லவேளை, அதற்கு வெகு முன்பே முறை மாறிவிட்டது.

கணினிக்கு உலகத்தில் ஒரே எண் என்பதை ஜெராக்ஸ் நிறுவனத்தார் ஈதர்நெட்டுக்காக ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார்கள். அந்த 48 பிட் முகவரி பற்றி 1981இல் வந்த கட்டுரையை எழுதிய இருவரில் ஒருவர் யோகேன் தலால், மும்பை ஐஐடியில் படித்தவர். உங்கள் செல்போனின் வைஃபை மேக் முகவரி அந்த வழி வந்ததுதான்.

அடுத்து வந்த யுயுஐடியில் நேரம் எங்கிருந்து தொடங்குகிறது தெரியுமா? 1582 அக்டோபர் 15! கணினிக்கும் அந்த வருடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். போப் 13ஆம் கிரிகோரி நாட்காட்டியைத் திருத்திய நாள் அது. அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி என்று அறிவித்தார். நடுவில் 10 தேதிகள் காணாமல் போயின. அன்றிலிருந்து நொடியின் ஒரு கோடியில் ஒரு பங்கு வீதம் எண்ணிக்கொண்டு வருகிறார்கள். 60 பிட் என்பதால் கி.பி. 5236 வரை தாங்கும்.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. எண்ணுக்குள்ளேயே கணினியின் முகவரி இருக்கிறது. 1999 மார்ச்சில் மெலிசா வைரஸ் பரவியபோது, அதை எழுதியவரைத் தேடியவர்கள் வேர்ட் கோப்புக்குள் ஒளிந்திருந்த இந்த எண்ணையும் ஆராய்ந்தார்கள். குற்றவாளி விஷயத்தில் சரிதான். ஆனால் சாதாரண மனிதர் எழுதும் ஒரு மொட்டைக் கடிதத்திலும் அவர் கணினியின் முத்திரை அவருக்கே தெரியாமல் விழுகிறது என்றால்? மக்கள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது.

அதனால் சீட்டுக் குலுக்கும் முறை செல்வாக்குப் பெற்றது. 2005இல் வந்த ஆர்எஃப்சி 4122 என்ற ஆவணத்தில் உள்ள நான்காம் வகையில், 122 பிட்டும் குருட்டாம்போக்கில் விழுந்தவை. யாரும் யாரையும் கேட்க வேண்டாம். மோதாதா? ஒரு வகுப்பில் 23 பேர் இருந்தாலே இருவருக்கு ஒரே பிறந்தநாள் வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்று நாம் கணக்குப் போட்டது நினைவிருக்கிறதா? இங்கே அந்தப் பாதி வாய்ப்பு வர, சுமார் 27 ஆயிரம் கோடி கோடி எண்களைப் பிறப்பிக்க வேண்டும்.

எண்ணைச் சிறிதாக வைத்தால் என்ன ஆகும் என்பதை அமேசான் பார்த்துவிட்டது. அவர்களின் கிளவுடில் ஒவ்வொரு சர்வருக்கும் 8 எழுத்தில் அடையாளம். 429 கோடி வரை வரும். அதுவும் சில வகைகளுக்குப் போதாமல் போகும் நிலை வந்து, 2016இல் 17 எழுத்தாக நீட்டினார்கள். 8 எழுத்துக்கு மட்டும் கட்டம் போட்டு வைத்திருந்தவர்கள் நிரல்களைத் திருத்த ஓடினார்கள்.

குலுக்கல் எண்ணிலும் சங்கடம் உண்டு. அகராதியின் நடுநடுவே புதுப்புதுச் சொல்லைச் செருகுவது போல, தரவுத்தளம் எங்கெங்கோ போய் எழுத வேண்டும். ட்விட்டர் 2010இல் ‘ஸ்னோஃபிளேக்’ என்று, 41 பிட் நேரம், 10 பிட் இயந்திரம், 12 பிட் வரிசை எனக் கோத்தார்கள். 2024 மே மாதம் வந்த ஆர்எஃப்சி 9562இல் ஏழாம் வகை: முன்னே 48 பிட் நேரம், பின்னே பெரும்பாலும் குலுக்கல். சுற்றிச் சுற்றி அப்பல்லோவின் கடிகாரத்துக்கே வந்துவிட்டார்கள். கணினியின் முகவரி மட்டும் இல்லை.

கடிகாரம் திரும்பி வந்ததில் எனக்குக் கொஞ்சம் உறுத்தல். கடைச் சரக்குக்கு ஏழாம் வகை வசதிதான். ஆனால் ஒரு பெண் ஆஸ்பத்திரியில் பதிவு செய்த நேரம், ஒரு பிள்ளை உதவி எண்ணில் புகார் கொடுத்த நேரம், மில்லி நொடி சுத்தமாக அந்த எண்ணிலேயே எழுதியிருக்கும். எண்ணைப் பார்ப்பவர் எவரும் படித்துவிடலாம். அப்படிப்பட்ட இடங்களில் வெளியே காட்டும் எண் நான்காம் வகையாக இருக்கட்டும் என்பது என் கட்சி. இந்தத் துறையில் இருக்கும் பிள்ளைகள் உங்கள் அலுவலகத்தில் எதைப் பயன்படுத்துகிறீர்கள், ஏன் என்று கீழே எழுதுங்கள். ஆங்கிலத்தில் வேண்டாம், தமிழில்.