விரைவு ஈன்ற மரபுத்தொடர்கள்

அரசர்தம் வெற்றிகள் கல்வெட்டில் நிற்கின்றன. எளிய மக்கள் கையாண்ட கருவிகளோ பெரும்பாலும் பேச்சிலேதான் எஞ்சுகின்றன. முழு விரைவோடும் முழு முயற்சியோடும் ஒரு செயலில் இறங்குவதைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கும் மரபுத்தொடர்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

அவற்றுள் பழையது ‘ஃபுல் டில்ட்’. ஈட்டி ஏந்திய குதிரைவீரர் இருவர் எதிரெதிரே பாய்ந்து மோதும் போர்விளையாட்டே ‘டில்ட்’. 1600ஆம் ஆண்டையொட்டி இத்தொடர் எழுத்தில் இடம்பெறுகிறது. விளையாட்டு மறைந்தது, பாய்ச்சல் சொல்லில் நிலைத்தது.

‘புல் அவுட் ஆல் தி ஸ்டாப்ஸ்’ என்பது தேவாலயத்து ஆர்கன் இசைக்கருவி தந்த கொடை. அதன் குமிழ் ஒன்றை வெளியே இழுத்தால், ஒரு வரிசைக் குழல்களுக்குக் காற்று செல்லும். எல்லாவற்றையும் இழுத்தால் கருவி தன் முழுக்குரலில் முழங்கும். 1865இல் மாத்யூ ஆர்னால்டு, ஆங்கிலேயர் உள்ளத்தையே இத்தகைய கருவியாக உருவகித்து, அதில் இன்னும் சில குமிழ்களை இழுக்கத் தாம் முயல்வதாக எழுதினார்.

நீராவிக் கப்பல்கள் ‘ஃபுல் ஸ்டீம் அஹெட்’ என்னும் தொடரை வழங்கின. ‘ஹெல் ஃபார் லெதர்’ என்பதோ நம் நாட்டோடு தொடர்புடையது. ‘லெதர்’ இங்குக் குதிரைச் சேணத்தைக் குறிக்கும் என்பர். இதனைக் காட்டும் தொடக்க காலச் சான்றுகளுள் ஒன்று, 1888இல் அலகாபாத்தில் வெளியான கிப்ளிங்கின் நூல். இரயில் பயணிகளுக்கென வந்த நூல்வரிசையில் குதிரைப் பாய்ச்சலின் தொடர் இடம்பெற்றது சுவையான முரண் அன்றோ!

இனி, ஆராய்ந்து கொள்ளவேண்டிய தொடர் ஒன்று உண்டு. அது ‘பால்ஸ் டு தி வால்’. ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவிப் பொறியில் பொருத்திய வேகச்சீராக்கியில் இரண்டு இரும்புக் குண்டுகள் சுழலும். வேகம் மிகுந்தால் அவை விலகி உயரும். இத்தொடர் அக்குண்டுகளினின்று பிறந்தது எனச் சிலர் கூறுவர். கேட்க இனிய கதைதான். ஆயினும் சான்று துணை நிற்கவில்லை. குண்டுகள் உயரும்போது அக்கருவி நீராவியைக் குறைத்து வேகத்தை அடக்கும். தூண்டுவது அதன் பணியன்று. மேலும், இத்தொடரின் எழுத்துச் சான்றுகள் 1960களில், வியட்நாம் போரில் ஈடுபட்ட அமெரிக்க விமானிகளின் வழக்கிலேயே கிடைக்கின்றன. விசைநெம்புகோலின் உருண்டைக் கைப்பிடியை முன்புறச் சுவரை நோக்கி முற்றத் தள்ளினால் விமானம் முழு வேகம் கொள்ளும். இவ்விளக்கமே காலத்தோடும் கருவியோடும் பொருந்துகிறது. சொல்லாராய்ச்சியில் இனிமை சான்றாகாது. காலமும் கருவியும் ஒத்துவரல் வேண்டும்.

இந்தியாவின் அகலப் பாதையில் நீராவி எஞ்சின்களின் அன்றாடப் பணி 1995இல் முடிந்தது. நீராவியை இழுவையில் காணாத தலைமுறையும் அதன் தொடரை வழங்குகிறது. ஆகவே ‘முழு நீராவியுடன்’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்போர் கருவியைத்தான் பெயர்க்கின்றனர். கருத்து கைநழுவிப் போகிறது. தமிழர் முயற்சியின் எல்லையைத் தம் உடலிலேயே கண்டு ‘முழுமூச்சுடன்’ என்றனர். விரைவுக்கு ‘நாலுகால் பாய்ச்சல்’ என்றனர். பிறமொழித் தொடரின் பிறப்பறிந்தவனே தன் மொழியில் அதற்கு ஈடான சொல்லைத் தேர்ந்தெடுக்க வல்லவன்.