நீல ஒளியும் காந்தமும்

1967இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவன ஆய்வாளர்களான ஜான்சன், மெரிஃபீல்டு, அவாகியன், ஃபிளிப்பன் ஆகியோர் ஆந்த்ரசீன் படிகத்தில் ஒரு புதிரைக் கண்டனர். சிவப்பொளியால் பிறக்கும் மும்மை நிலை எக்ஸிட்டான்கள் இரண்டிரண்டாக மோதி அழிகையில் நீல ஒளி தாமதமாக வெளிப்படும். காந்தப்புலம் உயர உயர அவ்வொளி முதலில் சற்றே கூடிப் பின்னர் குறைந்தது.

அறை வெப்ப ஆற்றலின் முன் அக்காந்த ஆற்றல் மிக அற்பம். பின் எவ்வாறு இவ்விளைவு? மெரிஃபீல்டு விடை கண்டார். மோதும் இணைக்கு ஒன்பது தற்சுழற்சி நிலைகள் உண்டு. ஒளி தரும் ஒற்றைத்தன்மை அவற்றுள் எத்தனையில் பகிரப்படும் என்பதைப் புலமே தீர்மானிக்கிறது: புலமின்றி மூன்று, மெல்லிய புலத்தில் அதனினும் மிகுதி, வலிய புலத்தில் இரண்டு.

1969இல் டெட்ரசீனில் ஓர் ஒற்றை நிலை இரு மும்மைகளாகப் பிளவுறுவதற்கும் இத்தகைய காந்தச் சோதனையே சான்றளித்தது.