உறுப்பும் வரமும்: தென்னார்க்காட்டுக் கிறித்தவச் சபை வரலாற்றில் ஒரு வினா

அவை, கழகம், மன்றம் முதலிய எவ்வமைப்பிலும் சேர்ந்திருப்போரை 'உறுப்பினர்' என்று வழங்குகிறோம். முன்னர் வழங்கிய 'அங்கத்தினர்' என்னும் சொல்லும் உடலின் அங்கத்தையே அடியாகக் கொண்டது. இலத்தீன் மொழியிலும் உடலுறுப்பைக் குறித்த சொல்லே பின்னர்க் குழுவைச் சேர்ந்தாரையும் குறிக்கலாயிற்று. பலர் கூடிய கூட்டத்தை ஓர் உடலாகக் காணும் இவ்வுவமை மிகப் பழைமையானது. ஆயினும் அஃது எல்லாவிடத்தும் ஒரே கருத்துக்குப் பயன்பட்டதன்று. இதனை முதற்கண் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் வேண்டும்.

இருக்கு வேதத்துப் புருட சூக்தம் ஒரு பேருடலின் வாய், தோள், தொடை, அடி என்பவற்றினின்று நால்வகை வருணத்தார் தோன்றியதாகக் கூறும். உறுப்பின் இடமே அங்கு மக்களின் தரமாயிற்று. உரோம நாட்டில் கி.மு. 494-இல் பொதுமக்கள் நகரைத் துறந்து வெளியேறியபோது, மெனேனியு அகிரிப்பா என்பான் வயிற்றோடு பிணங்கிய உறுப்புகளின் கதையைச் சொல்லி அவர்களைத் திரும்பி வரச் செய்தான் என்று இலிவி எழுதுகிறார். உழைக்கும் உறுப்புகள் உண்ணும் வயிற்றுக்கு அடங்கியிருத்தல் வேண்டும் என்பதே அக்கதையின் உட்கிடை. இவ்விரண்டிலும் உடலுவமை மேல் கீழ் என்னும் வரிசையைக் காக்கும் அரணாக நின்றது.

கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொரிந்து நகரத்துச் சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபம் இவ்வுவமையை எடுத்துத் தலைகீழாகத் திருப்பியது. வலிமை குறைந்ததாகத் தோன்றும் உறுப்பே மிகவும் தேவையானது. மதிப்புக் குறைந்ததாகக் கருதப்படுவதற்கே மிகுதியான மதிப்பு அளிக்கப்படுகிறது. ஓர் உறுப்பு நோவுற்றால் எல்லாம் உடன் நோவும். இதுவே அவர் கருத்து. அந்நகரத்துச் சபையில் அன்னிய பாடை பேசும் ஆற்றல் பெற்றோர் ஏனையோரைத் தாழ்வாக எண்ணினர். செல்வர் வறியோரை விடுத்துத் தாமே முன்னர் உண்டனர். அப்பூசலே இவ்வதிகாரங்கள் எழுதப்படுவதற்குக் காரணம். ஆற்றல்களை எண்ணிக் கூறிய பின்னர், அன்பின்றேல் அவையனைத்தும் வீண் என்று தொடர்கிறார். அகத்துறுப்பாகிய அன்பு இல்லாதார்க்குப் புறத்துறுப்புகளால் ஆவதென்ன என்று வள்ளுவனார் அன்புடைமை அதிகாரத்துள் வினவுவது ஈண்டு நினைவுக்கு வருகிறது. ஒருவரிடமிருந்து மற்றவர் கொண்டார் என்று நாட்டுதல் எம் நோக்கமன்று. அத்தகைய ஆராய்ச்சிகளால் விளைந்த பயன் சிறிது, பூசல் பெரிது.

இவ்வாற்றல்களைக் குறிக்கக் கிரேக்க மூலத்தில் வரும் சொல் 'இலவசமாக அருளப்பட்டது' என்னும் பொருளுடையது. 1871-இல் நிறைவெய்திய ஐக்கியத் தமிழ் மொழிபெயர்ப்பு அதனை 'வரம்' என்றும், உறுப்பை 'அவயவம்' என்றும் பெயர்த்தது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் 'அருள்கொடை', 'உறுப்பு' என்னும் சொற்களைக் காண்கிறோம். இம்மாற்றம் வடசொல் நீக்கம் மட்டுமன்று. புராண வழக்கில் வரம் என்பது தவத்தின் விலை. தவம் செய்தான் தனக்கு வேண்டியதைக் கேட்டுத் தான் பெறுவது. இரணியன் பெற்றதும் வரமே. பவுல் கூறும் கொடையோ தவத்தால் வருவதன்று; பெற்றவனுடைய நன்மைக்கும் உரியதன்று; சபையின் பொதுப்பயனுக்கு உரியது. ஆகவே 'ஆவியின் வரம்' என்னும் தொடரைக் கேட்ட தமிழன் உள்ளத்தில், அதனைப் பெற்றோன் ஏனையோரினும் உயர்ந்தோன் என்னும் எண்ணம் எழுதற்கு அச்சொல்லிலேயே இடம் இருந்தது. மொழிபெயர்த்தோரைக் குறைகூறுதற்கு இல்லை. அவர்கட்கு முன் இருந்த சொற்களுள் மக்கள் அறிந்தது அதுவே.

இனி, இக்கோட்பாடு தமிழகத்துச் சபைகளில் எவ்வாறு நின்றது என்பதைக் காண்போம். முத்தாண்டிக்குப்பம் பண்ணுருட்டியைச் சார்ந்த முந்திரிக்காட்டு நிலத்தூர். ஒருபுறம் நெய்வேலி; மறுபுறம் நெல்லிக்குப்பத்தையடுத்த மேல்பட்டாம்பாக்கம்; அதற்கப்பால் கடலூர். இச்சிறு வட்டத்துக்குள்ளேயே நம் வினாவிற்கு விடைதரும் நிகழ்ச்சிகள் சில அமைந்துள்ளன.

கடலூரில் வணிகர் ஒருவர்க்கு மகனாகப் பிறந்த ஆறுமுகம் 1718-இல் தரங்கம்பாடியில் திருமுழுக்குப் பெற்று ஆரோன் ஆனார். உபதேசியாராகப் பணிசெய்து, 1733 திசம்பர் 28-ஆம் நாள் குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்தச் சபையில் இந்தியர் ஒருவர் பெற்ற முதற் குருப்பட்டம் அதுவே. இதனை எழுதாத சபை வரலாறு இல்லை. ஆயின் எட்டாண்டுகட்குப் பின் நிகழ்ந்ததொன்று அத்துணை விரிவாக எழுதப்படுவதில்லை. அதனையே நாம் சற்று நின்று காணுதல் தகும்.

1741-இல் இரண்டாவது குருவைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. அப்போது இராசநாயக்கன் என்னும் உபதேசியார் பெயரும் ஆராயப்பட்டது. இவர் தஞ்சை மன்னர் படையில் சேர்வைக்காரராக இருந்தவர். கத்தோலிக்கக் குடியிற் பிறந்தவர். தமிழில் அச்சிடப்பட்ட புதிய ஏற்பாட்டைக் கற்று, 1728-இல் தரங்கம்பாடிச் சபையைச் சார்ந்தவர். தஞ்சை நாட்டில் இடையூறுகள் பலவற்றிற்கிடையே சபைகளை வளர்த்தவர். கற்பிக்கும் ஆற்றலும் துணிவும் இவர்பால் இருந்தன என்பதில் ஐரோப்பியத் தொண்டர்க்கும் ஐயம் இல்லை. ஆயினும் பட்டம் தியோகு என்பார்க்கே அளிக்கப்பட்டது. காரணம், இராசநாயக்கன் பறையர் குலத்தவர். அவர் கையால் திருவிருந்து பெறுவதற்கு ஏனைக் குலத்துக் கிறித்தவர் பின்வாங்குவர் என்னும் அச்சம். அவர் 1771-இல் மறையுமளவும் உபதேசியாராகவே இருந்தார்.

இந்நிகழ்ச்சியை எவ்வாறு மதிப்பிடுவது? காலத்தின் நிலை அது என்று கூறி அமைதல் எளிது. அங்ஙனம் கூறுவோர் ஒன்றை மறக்கின்றனர். அவரிடத்துக் கொடை உண்டு என்பதை எவரும் மறுத்திலர். கொடையை ஏற்றுக் கொண்டு, அக்கொடைக்குரிய இடத்தை மட்டும் மறுத்தனர். நாற்பதாண்டுக்கு மேல் அவர் வாயால் வேதம் கேட்ட சபை, அவர் கையால் அப்பம் வாங்க ஒருப்படாது என்று கருதப்பட்டது. வாய்க்கும் கைக்கும் இடையே கோடு கிழித்த இம்முடிவு, ஓருடல் என்னும் உவமைக்கே முரணானது. 'கருதப்பட்டது' என்று யாம் எழுதுவது வேண்டுமென்றே. சபையாரின் மறுப்பு நேர்ந்து காணப்பட்டதன்று, முன்கூட்டியே அஞ்சப்பட்டது. அதே தரங்கம்பாடியில் வழிபாட்டின்போது குலத்துக்கு ஏற்பத் தனித்தனி இடங்களில் அமரும் வழக்கம் இருந்தமையால், அவ்வச்சம் அடிப்படையற்றது என்றும் சொல்லுதற்கில்லை.

நூறாண்டுகள் சென்றபின் இவ்வழக்கு வெளிப்படையாக வெடித்தது. 1833-இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சபைகளில் சாதிவேற்றுமை முற்றிலும் ஒழிக்கப்படல் வேண்டும் என்று ஆணையிட்டார். தஞ்சை முதலிய இடங்களில் பலர் சபையை விட்டு நீங்கினர். எதிர்த்தவருள் தஞ்சை வேதநாயக சாத்திரியாரும் (1774–1864) ஒருவர். கிறித்தவத் தமிழிசைக்கு அவர் செய்த தொண்டை அறியாதார் இலர். தமிழ் முறையில் பாடுவதையும் விழாக்கொண்டாடுவதையும் புதிய தொண்டர் சிலர் தடுக்க முற்பட்டபோது, அவர் அதனையும் வன்மையாகக் கண்டித்தார். தம் மக்களின் இசையும் வழக்கும் இறைவன் கொடையென்று காத்தவர், அருகமர்ந்த உடன்பிறப்பின் இருக்கையை அவ்வாறு காத்திலர். இரண்டையும் ஒருங்கே எழுதுதலே வரலாற்றுக்கு நேர்மையாகும். அவர் பெருமையைப் பேசுவோர் பின்னதையும், அவரைப் பழிப்போர் முன்னதையும் விட்டுவிடுதல் வழக்கமாகிவிட்டது.

1850-இல் சென்னையில் கூடிய தொண்டர் மாநாடு, சாதியை விட்டமைக்கு அடையாளமாகப் பிறகுலத்தாரோடு உடனுண்ண இசையாதவரைச் சபையிற் சேர்த்தல் ஆகாது என்று முடிவு செய்தது. இலீப்சிக்குச் சங்கத்தார் இதற்கு உடன்படவில்லை. சாதி சமூக வழக்கம். நற்செய்தியால் மெல்ல மாறும். உண்ணும் முறையைக் கட்டாயப்படுத்துதல் தகாது என்பது அச்சங்கத் தலைவர் கிரௌல் என்பவரின் கொள்கை. அச்சங்கத்திலேயே பணியாற்றிய கார்ல் ஓக்சு என்பார் இதனை ஏற்காது பிரிந்தார். பிரிந்தவர் 1861-இல் வந்து நிலைகொண்ட இடமே மேல்பட்டாம்பாக்கம். 'பெத்தானியா' என்று அதற்குப் பெயரிட்டார். சில ஆண்டுகளில் தேனிசுத் தொண்டர் சங்கம் அவரைத் தன்னோடு சேர்த்துக் கொண்டது. இன்று இவ்வட்டாரத்தில் விளங்கும் ஆர்க்காடு லுத்தரன் திருச்சபையின் தொடக்கம் இதுவாகும். கடலூர் வட்டாரத்துச் சபையொன்று 'யார் யாரோடு உண்பது' என்னும் வினாவினின்று பிறந்ததை, அச்சபையைச் சார்ந்தவரே பலர் இன்று அறியார்.

கிரௌல் கொள்கையில் ஒருகூறு உண்மை உண்டு. கட்டளையால் உடனுண்டவர் மனத்தால் உடனுண்டவர் ஆகார். ஆயினும், காத்திருக்குமாறு பணிக்கப்பட்டவர் எப்பொழுதும் ஒரே பக்கத்தாராகவே இருந்தனர் என்பதை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

குலத்தால் வந்த தடை ஒன்று. பட்டம் என்னும் முறையால் வந்த தடை மற்றொன்று. திருநெல்வேலியில் இரேனியு ஐயர், தம் உபதேசியார்க்குக் குருப்பட்டம் அளிக்கும் உரிமை யாருடையது என்னும் வழக்கில் தம் சங்கத்தோடு மாறுபட்டு 1835-இல் விலக்கப்பட்டார். அவரிடம் பயின்றவர் அருளப்பன் (1810–1867). 1833-இல் இந்தியாவிற்கு வந்த அந்தோனி நோரிசு குரோவ்சு என்பாரோடு இவர்க்குத் தொடர்பு ஏற்பட்டது. குரோவ்சு முன்னர்ப் பல்மருத்துவராக இருந்தவர். திருவிருந்துக்குப் பட்டம் பெற்ற குரு தேவையில்லை, நம்பினோர் எவரும் கூடி அப்பம் பிட்கலாம் என்னும் கொள்கையினர். அருளப்பன் எச்சங்கத்திடமும் நிலையான ஊதியம் பெறாது, 1840-களில் வத்திராயிருப்பை அடுத்துக் கிறித்தியான்பேட்டை என்னும் ஊரை அமைத்து வாழ்ந்தார்.

1860-இல் அவ்வூரில் தொடங்கிய எழுச்சி தமிழ்க் கிறித்தவ வரலாற்றில் தனித்து நிற்பது. பட்டம் பெறாதோர், கல்வி குறைந்தோர், பெண்டிர், இளையோர் எனப் பலரும் சபைநடுவே எழுந்து தீர்க்கதரிசனம் உரைத்தனர். அறியா மொழியில் பேசினர். காட்சி கண்டதாகக் கூறினர். பின்னர் ஊதியம் வேண்டாது ஊர்தோறும் சென்று போதித்தனர். அமெரிக்காவில் 1906-இல் அசூசாத் தெருவில் நிகழ்ந்ததையே இத்தகைய எழுச்சிகட்கு முதலாகக் கூறுவோர், அதற்கு நாற்பத்தாறு ஆண்டுகட்கு முன்னரே பாண்டி நாட்டுச் சிற்றூரில் நிகழ்ந்த இதனையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும். அருளப்பனின் நாட்குறிப்புகளைத் தொகுத்து இலாங்கு என்பார் 1939-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் இல்லையெனில் பெரும்பகுதி மறைந்திருக்கும்.

இவ்வெழுச்சியைக் கண்ட ஐரோப்பியத் தொண்டர் மகிழ்ந்தும் அஞ்சியும் எழுதினர். அவர்கள் அச்சத்தை முற்றும் பிழையென்று தள்ளலாகாது. திருவிதாங்கூரில் இதையொட்டி 1873-இல் எழுந்த இயக்கத்தில், தமிழ்ப் பார்ப்பனக் குடியினின்று கிறித்தவரான வித்துவான் குட்டி என்னும் யுசுத்தூசு யோசேப்பு தலைமை தாங்கினார். இயேசுவின் இரண்டாம் வருகை 1881-இல் நிகழும் என்று அங்கு உரைக்கப்பட்டது. அவ்வாண்டு கழிந்தது, நம்பியிருந்தோர் நிலை இரங்கத்தக்கதாயிற்று. எல்லோர் வாய்க்கும் இடம் தந்த சபை, ஒருவர் வாயை மட்டும் ஆராயாது நம்பியதன் விளைவு இது. தீர்க்கதரிசனம் உரைப்போர் இருவர் மூவர் பேச, மற்றவர் ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்று பவுல் விதித்ததும் உறுப்பு என்னும் கொள்கையின்பாற் பட்டதேயாம். பேசுவோனைப் போலவே, கேட்டு ஆராய்வோனும் ஓர் உறுப்பே.

1956-இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் நிறுவப்பட்டபின், பல மாவட்டத்தாரும் இப்பகுதியில் வந்து குடியேறினர். ஊரில் தெருவால் பிரிந்திருந்தவர் நகரியத்தில் வேலைத்தரத்தால் அமைந்த குடியிருப்புகளில் அடுத்தடுத்து வாழலாயினர். குலவேறுபாடு இதனால் ஒழிந்ததென்று கூற யாம் துணியோம். இருக்கைவரிசை மாறியது என்பதளவே உறுதி. பழைய சபைகளின் வரலாற்றைக் குருமார் வரிசையாகவும் பேராயர் வரிசையாகவும் எழுதும் முறையே இன்றும் மேலோங்கி நிற்கிறது. உபதேசியார், வேதமாதர், மணியடிக்கும் கோயிற்பிள்ளை, ஓலைக்கூரை வேய்ந்தோர் என்போர் பெயர்கள் திருமுழுக்குப் பதிவேடுகளிலும் கல்லறைக் கற்களிலும் சிதறிக் கிடக்கின்றன. மேல்பட்டாம்பாக்கம், கடலூர், பண்ணுருட்டி ஆகிய இடங்களிலிருந்து தொடங்கி அப்பதிவேடுகளைப் படியெடுத்தல், முதுகலை மாணவர் ஓரிருவர் மேற்கொள்ளத்தக்க பணி. இராசநாயக்கனைப் போன்றார் இன்னும் எத்துணையர் என்பது அதன்பின்னரே தெரியவரும்.