பார்ன்ஸ், வில்லியம் (1801–1886)

வில்லியம் பார்ன்ஸ், தென்மேற்கு இங்கிலாந்தின் டார்செட் மாவட்டப் பேச்சுவழக்கில் கவிதை இயற்றிய ஆங்கிலக் கவிஞர். பள்ளி ஆசிரியர், மொழியறிஞர், ஆங்கிலத் திருச்சபைக் குரு. ஸ்டர்மின்ஸ்டர் நியூட்டனுக்கு அருகிலுள்ள பேக்பரில் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த ஆண்டைப் பழைய நூல்கள் சில 1800 எனக் குறிக்க, பிற்கால ஆய்வாளர் 1801 என்பதையே பெரிதும் ஏற்கின்றனர். பதின்மூன்று வயதளவில் பள்ளியை விட்டு வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தரானவர், 1818இல் டார்செஸ்டர் நகருக்குப் பெயர்ந்து அங்கும் அதே வேலையைத் தொடர்ந்தார். 1823இல் வில்ட்ஷயரைச் சேர்ந்த மியர் என்னும் சிற்றூரில் ஆசிரியரானார். 1827இல் ஜூலியா மைல்ஸை மணந்தார்.

1835இல் டார்செஸ்டருக்குத் திரும்பித் தாமே ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1862 வரை நீண்ட இந்தக் காலமே அவர் வாழ்வில் மிக விரிவாகப் பதிவாகியுள்ளது. பகலில் பாடம் நடத்தியபடியே கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் பெயர் பதிந்து பயின்ற அவர், 1847இல் திருப்பணியாளராகத் திருநிலைப்படுத்தப்பட்டு, பின்னர் இறையியல் பட்டமும் பெற்றார். 1854இல் வெளிவந்த அவருடைய இலக்கண நூல் அறுபதுக்கும் மேற்பட்ட மொழிகளை ஒப்பிட்டு ஆராய்வது. சவுத் ஸ்ட்ரீட்டில் இருந்த பள்ளிக்கு அடுத்த வீட்டில், கட்டடக் கலைஞர் ஹிக்ஸிடம் தொழில் பயின்றுவந்த இளைஞர் தாமஸ் ஹார்டி, இலக்கண ஐயம் எழும்போதெல்லாம் பார்ன்ஸிடம் வந்து தெளிவு பெற்றார்.

டார்செட் வழக்குக் கவிதைகள் முதலில் உள்ளூர்ச் செய்தித்தாளில் வெளிவந்தன. முதல் தொகுதி 1844இலும், அடுத்த இரண்டும் 1859, 1862 ஆகிய ஆண்டுகளிலும் நூலாயின. சொல்லின் முதலில் வரும் எஃப் ஒலி வி ஆகவும், எஸ் ஒலி இஸட் ஆகவும் மாறுவது அவ்வழக்கின் இயல்பு. பார்ன்ஸ் அதை எழுத்திலேயே காட்டினார். உழவரின் பேச்சில் அமைந்த இப்பாடல்கள், மெய்யொலிகளை ஒரே வரிசையில் திரும்பக் கொணரும் வெல்ஷ் யாப்பு உத்தியையும், பாரசீகக் கவிதை வடிவங்களையும் தழுவியவை என்பதால், அவற்றின் எளிமைக்கு அடியில் ஓர் ஆசிரியரின் படிப்பு முழுவதும் உள்ளது. வட்டார வழக்கே தமக்கு இயல்பான மொழி என்று அவர் கருதினார். ஆயினும் அதனைத் தன்னியல்பான வெளிப்பாடு என்பாரும், மொழியறிஞர் ஒருவரின் திட்டமிட்ட சோதனை என்பாரும் உளர். கிராமத்து வறுமையை அவர் மென்மையாகக் கடந்துவிட்டார் என்னும் குறையும் கூறப்படுவதுண்டு. பொதுநிலங்கள் வேலியிடப்பட்டு ஏழைகள் மேய்ச்சல் இழந்ததைப் பேசும் உரையாடற் பாக்கள் அதற்கு மறுப்பாகக் காட்டப்படுகின்றன.

பள்ளியின் நிர்வாகத்தைத் தாங்கிவந்த ஜூலியா 1852இல் மறைந்தபின் மாணவர் எண்ணிக்கை குறைந்தது. இத்தாலிய மொழியில் எழுதிய நாட்குறிப்பில், ஒவ்வொரு நாள் பதிவின் இறுதியிலும் அவர் பெயரை இத்தாலிய வடிவில் ‘ஜூலியா’ என்று எழுதி முடிப்பதைப் பார்ன்ஸ் பல்லாண்டுகள் கைவிடவில்லை. 1861இல் ஆண்டுக்கு 70 பவுண்டு அரசு உதவித்தொகை கிடைத்தது. மறு ஆண்டு வின்டர்போர்ன் கேம் என்னும் ஊரின் பங்குக் குருவானார். 1878இல் வெளியிட்ட நூலில், லத்தீன், கிரேக்கச் சொற்களை நீக்கிய தூய ஆங்கிலத்தை வலியுறுத்தி, ஆம்னிபஸ்ஸுக்கு ‘ஃபோக்வெயின்’ (மக்கள் வண்டி), சைக்கிளுக்கு ‘வீல்சேடில்’ (சக்கரச் சேணம்) என்பன போன்ற ஆக்கங்களை முன்வைத்தார். அவை வழக்கில் நிலைக்கவில்லை. முழங்கால்வரை கால்சட்டையும் மேலங்கியும் அணிந்து, தோளில் தோற்பையும் பின்னால் சிறு சாம்பல்நிற நாயுமாகச் சனிக்கிழமைதோறும் நகருக்கு நடந்துவரும் முதியவர், பொதுக் கடிகாரத்தின் எதிரே நின்று தம் கைக்கடக்கமான பழைய கடிகாரத்தை லண்டன் நேரத்துக்கு மிகத் துல்லியமாகத் திருத்திக்கொள்வார் என ஹார்டி தம் இரங்கற் கட்டுரையில் பதிவு செய்துள்ளார்.

பார்ன்ஸ் 1886 அக்டோபர் 7 அன்று காலமானார். மகள் லூசி பாக்ஸ்டர், லீடர் ஸ்காட் என்னும் புனைபெயரில் 1887இல் அவர் வரலாற்றை எழுதினார். டார்செஸ்டரில் செயின்ட் பீட்டர் ஆலயத்தின் முன் அவருடைய சிலை 1889இல் நிறுவப்பட்டது. ஹார்டி 1908இல் தேர்ந்த கவிதைகளைத் தொகுத்தார். ஹாப்கின்ஸ் முதலிய கவிஞரும் அவரை உயர்வாக மதித்தனர். ரால்ஃப் வான் வில்லியம்ஸ் இசையமைத்த ‘லிண்டன் லீ’ பாடலே இன்று பலரும் அறிந்த அவர் படைப்பு. அது பெரும்பாலும் பொது ஆங்கில வடிவிலேயே பாடப்படுகிறது. பெர்னார்ட் ஜோன்ஸ் பதிப்பித்த இரு தொகுதிகள் 1962இல் வெளிவந்தன. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் முழுத் தொகுப்பு 2013 முதல் வெளியாகிறது.