மையம், கற்போர், ஊராட்சி, பள்ளி: இந்திய வயது வந்தோர் கல்வியில் நிதி அலகின் வரலாறு

முன்னுரை

எந்தத் திட்டத்துக்கும் பணம் ஒதுக்குமுன் அரசு ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்: எதை எண்ணிக் கொடுப்பது? பள்ளிக் கல்வியில் இது பெரிய சிக்கல் இல்லை. கட்டடம் இருக்கிறது, வருகைப் பதிவேடு இருக்கிறது, மாதச் சம்பளக்காரரான ஆசிரியர் இருக்கிறார். முதியோர் பள்ளிக்கு இவை எதுவும் உறுதியில்லை. நடவுக்காலத்தில் வகுப்பு காலியாகும். ஆறு மாதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவர் அடுத்த ஆண்டு மறந்திருப்பார். கற்பிப்பவரோ உள்ளூரில் பத்தாவது படித்த ஒரு பெண்ணாக இருக்கலாம்.

1976-இல் 42-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கல்வியைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியபின், இக்கேள்விக்கு விடை சொல்வதில் மத்திய அரசின் குரலே ஓங்கியது. அதன் பிறகு வந்த பெருந்திட்டங்களில் நிதிப் பங்கீட்டின் அலகு நான்கு உருவங்களை எடுத்திருக்கிறது. எண்ணப்பட்டதற்குப் பணம் வந்தது. எண்ணப்படாதது தன்னார்வத்தின் தலையில் விழுந்தது. அப்படி அடிக்கடி எண்ணிக்கையிலிருந்து விழுந்தவர் கற்பிப்பவரே என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. மையம்: 1978

1978 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தேசிய முதியோர் கல்வித் திட்டம், 15 முதல் 35 வயதுக்குட்பட்ட 10 கோடிப் பேரை ஐந்தாண்டில் எட்ட நினைத்தது. அதன் அலகு 'மையம்'. ஒரு மையத்துக்கு ஏறத்தாழ 30 கற்போர், ஒரு பயிற்றுநர், சுமார் பத்து மாதம். பயிற்றுநருக்கு மாத மதிப்பூதியம் 50 ரூபாய்.

இந்தத் தொகையைச் சற்றுப் பிரித்துப் பார்க்கலாம். பத்து மாதத்துக்கு 500 ரூபாய். அதை 30 பேருக்கு வகுத்தால், ஒருவருக்கு எழுத்தறிவிக்கும் உழைப்பின் விலை 17 ரூபாய்க்கும் குறைவு. மிகச் சொற்பம்தான். ஆனாலும் இரவில் விளக்கேற்றி உட்காரும் அந்த ஆளுக்கு மதிப்பீட்டுத் தாளில் தனியே ஒரு வரி இருந்தது.

அலகின் குறையும் அதிலேயே இருந்தது. பணம் மையத்துக்கு என்றால், திறந்த மையமே சாதனை ஆகிவிடும். அதில் எத்தனை பேர் கடைசிவரை உட்கார்ந்தார்கள் என்பது பின்னுக்குப் போகும். டி.எஸ். கோத்தாரி தலைமையிலான குழு 1980-இல் இத்திட்டத்தை மறுஆய்வு செய்தது. அதற்குள் டெல்லியில் ஆட்சி மாறியிருந்தது, வேகமும் தணிந்திருந்தது.

2. கற்போர்: 1988 முதல்

1988 மே மாதம் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் முதலில் பழைய மைய முறையையே தொடர்ந்தது. திருப்பம் கேரளத்திலிருந்து வந்தது. 1989 ஜனவரியில் எர்ணாகுளம் மாவட்டத்தில் ஆட்சியர் நிர்வாகமும் கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கமும் கைகோத்து நடத்திய இயக்கம், ஓராண்டிலேயே அம்மாவட்டத்தை முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்க வைத்தது. மத்திய அரசு அதையே நாடு முழுவதற்குமான முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது.

நிதியின் பாதை அடியோடு மாறியது. ஆட்சியர் தலைமையில் பதிவு செய்யப்பட்ட மாவட்ட எழுத்தறிவுக் குழு திட்ட அறிக்கை அனுப்பும்; பணம் மாநிலக் கருவூலத்தைத் தொடாமல் நேரே அக்குழுவின் கணக்குக்கு வரும். பொது மாவட்டங்களில் மத்திய, மாநிலப் பங்கு 2:1. பழங்குடி துணைத் திட்டப் பகுதிகளில் 4:1. அலகு இப்போது 'கற்போர்'. பிற்கால விதிப்படி தலைக்கு 90 முதல் 180 ரூபாய். தலைக்கணக்கு இவ்வளவு குறைவாக இருக்கக் காரணம், கற்பிப்பவருக்கு ஊதியமே கிடையாது என்பதுதான். 50 ரூபாய் சுழியமானது.

அந்தச் சுழியம் சில இடங்களில் எழுச்சியாகவும் மாறியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. புதுக்கோட்டையில் 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், கல்குவாரிப் பெண்கள் வரை சென்றது. ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். தலைக்கணக்கு விதியில் சைக்கிளுக்கு இடமில்லை. பணத்தை எப்படிச் செலவிடுவது என்ற முடிவு மாவட்டத்தின் கையில் இருந்ததால்தான் அது நடந்தது.

ஆனால் இதே முறையில் ஓர் ஓரவஞ்சனை ஒளிந்திருந்தது. கேட்ட மாவட்டத்துக்கே பணம். திட்ட அறிக்கை எழுத முனைப்பான ஆட்சியரும், ஊர் ஊராகப் போக அறிவியல் இயக்கம் போன்ற அமைப்பும் இருந்த மாவட்டங்கள் முந்திக்கொண்டன. இவை இரண்டும் இல்லாத, எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டங்கள் பின்தங்கின. தேவை ஓரிடத்தில், நிதி வேறிடத்தில்.

முதல் கட்டம் முடிந்தபின் வந்த வளர்கல்வித் திட்டத்தில் முதல் மூன்றாண்டுச் செலவு முழுவதும் மத்திய அரசுடையது. அடுத்த இரண்டாண்டு பாதிக்குப் பாதி. அதன்பின் மாநிலத்தின் பாடு. பொறுப்பு முழுதாகக் கைமாறும் அந்த இடத்தில்தான் பல வளர்கல்வி மையங்கள் பூட்டப்பட்டன.

3. ஊராட்சி: 2009

2009 செப்டம்பர் 8 அன்று தொடங்கிய 'சாக்ஷர் பாரத்', தமிழகத்தில் 'கற்கும் பாரதம்', அந்த ஓரவஞ்சனையைத் திருத்த முயன்றது. 2001 கணக்கெடுப்பின்படி வயது வந்த பெண்களின் எழுத்தறிவு 50 விழுக்காடோ அதற்குக் கீழோ இருந்த மாவட்டங்களுக்கே முதன்மையாகப் பணம் என்று விதித்தது. தருமபுரி போன்ற மாவட்டங்கள் உள்ளே வந்தது இதனால்தான். கேட்பவருக்கு என்பது போய்த் தேவைப்படுபவருக்கு என்றானது. இலக்கு 7 கோடி. அதில் 6 கோடி பெண்கள். மதிப்பீடு 6,502.70 கோடி ரூபாய். பங்கீடு 75:25, வடகிழக்கில் 90:10.

அலகு கிராம ஊராட்சி. ஒவ்வொன்றிலும் ஒரு மக்கள் கல்வி மையம், அதை நடத்த இரண்டு ஊக்குநர்கள், ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய். வகுப்பெடுத்த தன்னார்வலருக்கு இப்போதும் ஒன்றும் இல்லை. என்றாலும் ஊருக்குள் சம்பளம் வாங்கும் ஒருவர் இத்திட்டத்துக்கென்று முளைத்திருந்தார். அந்த 2,000 ரூபாயும் பல மாநிலங்களில் மாதக்கணக்கில் நிலுவையில் நின்று, ஊக்குநர்களைப் போராட்டத்துக்குத் தள்ளியது. 2018 மார்ச்சுடன் திட்டம் முடிய, அவர்களின் வேலையும் முடிந்தது.

4. பள்ளி: 2022

இடையில் 'கற்போம் எழுதுவோம்' என்ற பெயரில் தமிழகத்தில் நடந்த குறுந்திட்டத்துக்குப் பின், 2022-இல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் வந்தது. ஐந்தாண்டுக்கு 1,037.90 கோடி ரூபாய்: மத்திய அரசு 700 கோடி, மாநிலங்கள் 337.90 கோடி. இலக்கு 5 கோடிப் பேர். செயல்பாட்டு அலகு பள்ளி. கற்பிப்பவர்கள் மாணவர்கள், ஆசிரியர்கள், நாட்டு நலப்பணித் திட்டத்தினர் எனத் தன்னார்வலர்களே. ஊக்குநர் என்ற பதவி மறைந்தது. விளைவை அளப்பது 150 மதிப்பெண் தேர்வு.

மதிப்பீட்டை இலக்கால் வகுத்தால் 2009-இல் தலைக்கு ஏறத்தாழ 929 ரூபாய். 2022-இல் 208 ரூபாய். இடையிலான விலைவாசி உயர்வைச் சேர்த்தால் இடைவெளி இன்னும் விரியும். குறைந்த பணத்தில் அதே வேலை என்று இதைச் சொல்ல முடியாது. செலவின் பெரும்பங்கு பள்ளியின் கட்டடத்துக்கும், ஆசிரியரின் நேரத்துக்கும், தன்னார்வலரின் மாலைப்பொழுதுக்கும் மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. வேறு துறையின் கணக்கிலோ எவர் கணக்கிலும் இல்லாமலோ இருப்பதால் அது கண்ணில் படுவதில்லை.

முடிவுரை

ஒவ்வொரு மாற்றமும் முந்தையதன் ஒரு குறையைத் தீர்த்தது. மையத்தை எண்ணியபோது மறைந்த கற்போர் அடுத்து எண்ணப்பட்டார். கேட்காததால் விடுபட்ட மாவட்டம் அதற்கடுத்துச் சேர்க்கப்பட்டது. கற்பிப்பவருக்கு மட்டும் அப்படி ஒரு முறை வரவில்லை. 1978-இல் அவருக்கு இருந்த ஒற்றை வரி, பின்னர் வந்த மூன்று திட்டங்களிலும் திரும்ப எழுதப்படவில்லை. பங்கீட்டு விகிதம் 2:1-ஆ, 75:25-ஆ என்ற விவாதம் அரசுகளுக்கிடையே தொடரும். மூன்றாவது பங்காளி ஒருவர் எந்த விகிதத்திலும் இடம்பெறாமல் தன் பங்கைச் செலுத்திக்கொண்டிருக்கிறார். வருங்காலத் திட்டங்களின் மதிப்பீடு அவருடைய மணிநேரத்தை எண்ணுவதிலிருந்து தொடங்குவதே முறை.