கிராமத் தொழில் டாக்டர்: ஒரு பட்டம் பிறந்த கதை

மதுரையிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் திருமங்கலம் தாண்டினால் டி.கல்லுப்பட்டி வரும். கரிசல் பூமி. அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் ஜே.சி.குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். அவருக்கு இரண்டு டாக்டர் பட்டங்கள் உண்டு. இரண்டையும் கொடுத்தது பல்கலைக்கழகம் அல்ல, காந்தி.

கல்லூரிப் படிப்புக்கும் அவரிடம் குறைவில்லை. 1892இல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ், லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று பம்பாயில் தொழில் நடத்தியவர். பிறகு அமெரிக்கா போய், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் செலிக்மனிடம் பொது நிதி படித்தார். இந்தியா ஏன் ஏழையாகக் கிடக்கிறது என்ற கேள்விக்குப் பிரிட்டிஷ் அரசின் வரவு செலவுக் கணக்கிலேயே விடை தேடினார். வரி யாரிடமிருந்து வருகிறது, யாருக்காகச் செலவாகிறது என்று ஒரு தணிக்கையாளர் பார்த்தால் போதாதா? எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. 1929இல் அந்த ஆய்வோடு சபர்மதிக்குப் போய் காந்தியைச் சந்தித்தார். ‘யங் இந்தியா’வில் அது தொடராக வந்தது. குமரப்பா என்ற குடும்பப் பெயருக்கு அவர் திரும்பியதும் அந்த ஆண்டில்தான்.

அவருடைய பொருளாதாரத்தை அவருடைய பக்தியிலிருந்து பிரித்துப் பார்க்கவே முடியாது. சத்தியாக்கிரகிகள் அடிபட்டபோது திருச்சபை வாய் திறக்காதது அவருக்குப் பொறுக்கவில்லை. கல்கத்தா பேராயர் வெஸ்ட்காட்டோடு கடிதத்தில் நேருக்கு நேர் வாதாடினார். இயேசுவை வணங்கிக்கொண்டே சாம்ராஜ்யத்துக்குத் துணை போக முடியாது என்பது அவர் கட்சி.

வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது ஜபல்பூர் சிறையில் அடைபட்டார். அங்கே இரண்டு கையெழுத்துப் பிரதிகள் உருவாயின. ஒன்று இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. மற்றொன்று ‘எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்’, அதாவது நிலைத்த பொருளாதாரம்.

இரண்டாவது நூலில் அவர் பாடம் கேட்பது இயற்கையிடம். ஆட்டைக் கொன்று தின்னும் புலியின் வாழ்வு ஒரு வகை. குழி தோண்டாமல், கன்று நடாமல், தண்ணீர் ஊற்றாமல் மாந்தோப்புக்குள் புகுந்து பழம் பறிக்கும் குரங்கின் வாழ்வு இன்னொரு வகை. தேனீ அப்படியல்ல, பூவில் தேன் எடுக்கும்போதே மகரந்தச் சேர்க்கைக்கும் உதவுகிறது, சேர்த்த தேனும் கூட்டுக்கே போகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை. ஒரு நாட்டின் தொழிலும் வணிகமும் இதில் எந்தப் படியில் நிற்கின்றன என்று கேட்கிறார் குமரப்பா. பொருளாதாரப் பாடப் புத்தகம் எதிலும் இவ்வளவு எளிய, இவ்வளவு கூர்மையான அளவுகோலை நான் பார்த்ததில்லை.

காந்தி இந்த இரண்டு சிறை நூல்களையும் படித்தார். 1945 ஆகஸ்டில் பம்பாய்க்கு ரயிலில் போகும்போதே நிலைத்த பொருளாதாரத்துக்கு முன்னுரை எழுதினார். இது எளிதில் படித்துவிடும் நூல் அல்ல, இரண்டு மூன்று முறை ஊன்றிப் படிக்க வேண்டும் என்று அதில் எச்சரித்தார். குமரப்பாவைக் கிராமத் தொழில்களின் டாக்டர் என்று குறிப்பிட்டதும் அதே முன்னுரையில்தான். இப்படிப் பிறந்ததுதான் ‘டி.வி.ஐ.’ பட்டம். இயேசு பற்றிய நூலுக்கு இறையியல் டாக்டர், ‘டி.டி.’. பட்டமளிப்பு விழா கிடையாது, அங்கி கிடையாது. ஆனால் மார்க்கத்தையும் சந்தையையும் சேர்த்தே சிந்தித்த ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான அங்கீகாரம் எது?

அரை நூற்றாண்டுக்குப் பிறகு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆக்டன் நிறுவனம், கத்தோலிக்கச் சிந்தனையாளர் மைக்கேல் நோவக் பெயரில் ஒரு விருதை ஏற்படுத்தியது. மதத்துக்கும் பொருளாதாரச் சுதந்திரத்துக்கும் உள்ள உறவை ஆராயும் இளம் அறிஞர்களுக்கானது அது. நோவக் சந்தையின் சுதந்திரத்தை நம்பியவர். குமரப்பா கேட்ட சுதந்திரம் வேறு: செக்கும் தறியும் குயவர் சக்கரமும் வைத்திருப்பவர், யாரிடமும் கைகட்டி நிற்காமல் தம் உழைப்பில் வாழும் உரிமை. இந்த இரண்டு சுதந்திரங்களையும் எதிரெதிரே வைத்து இளைஞர்கள் விவாதிக்க வேண்டும் என்பது என் ஆசை.

கல்லுப்பட்டியில் குமரப்பாவின் வீட்டில் ஓர் ஏழைக் குடியானவரின் படம் இருந்ததாம். காந்தி தம் எஜமானர், இவர் எஜமானரின் எஜமானர் என்று வந்தவர்களிடம் சொல்வாராம். 1960 ஜனவரி 30, காந்தியின் நினைவு நாளிலேயே குமரப்பா சென்னையில் காலமானார்.

இங்கும் அவர் பெயரில் ஓர் ஆய்வுப் பரிசு வைக்கலாம். இறையியலும் பொருளாதாரமும் தெரிந்த இளம் ஆய்வாளருக்கு, அந்த இரண்டு சிறை நூல்களையும் சேர்த்துப் படித்தவருக்குத் தரலாம். வைத்தால், பரிசை மதுரையின் குளிர்சாதன அரங்கில் கொடுக்க வேண்டாம். கல்லுப்பட்டியில், அந்த ஊர்க் குடியானவர்கள் முன்னால் கொடுங்கள்.