பிணத்தொழிற்சாலை: ஒரு பொய்ச் செய்தியின் வரலாறு

முதலாம் உலகப்போரின் மூன்றாம் ஆண்டில், 1917 ஏப்ரல் 17ஆந் திகதி, இலண்டனில் வெளிவந்த 'ரைம்ஸ்', 'டெயிலி மெயில்' ஆகிய இரு பத்திரிகைகளும் ஒரே செய்தியை வெளியிட்டன. போரில் மடிந்த தம் வீரரின் உடல்களை ஜேர்மானியர் கட்டுக்கட்டாகப் புகையிரதத்தில் ஏற்றிச் சென்று, ஆலையொன்றிற் காய்ச்சிக் கொழுப்பெடுக்கின்றனர் என்பதே அது. அவ்விரு பத்திரிகைகளும் நோத்கிளிஃப் பிரபு என்னும் ஒரே முதலாளிக்கு உரியனவாயிருந்தமை மனங்கொள்ளத்தக்கது. இரு வாய்கள் சான்று பகர்ந்தன என வாசகர் எண்ணினர். பேசியது ஒரு வாயே.

செய்திக்கு மூலங்கள் இரண்டு. ஒன்று, பெல்ஜியப் பத்திரிகையொன்றில் வந்த நீண்ட வருணனை. மற்றையது, 'பேர்லினர் லோக்கால் அன்சைகர்' என்னும் ஜேர்மன் நாளிதழில் அதன் நிருபர் கார்ல் றொஸ்னர் ஏப்ரல் 10ஆந் திகதி எழுதிய சில வரிகள். றேம்ஸ் நகருக்கு வடக்கே சென்றபோது சுண்ணாம்பு எரிவது போன்ற நெடி வீசியதென்றும், அங்கே 'கடாவர்'களைப் பயன்படுத்தும் நிலையம் உள்ளதென்றும் அவர் குறிப்பிட்டிருந்தார். மனித உடல் பற்றி அவர் எதுவுங் கூறவில்லை. 'கடாவர்' என்பது ஜேர்மன் வழக்கிற் பெரும்பாலும் இறந்த விலங்கையே குறிக்கும். போரிற் குதிரைகள் பெருந்தொகையாக மாண்டன. அதே மூலத்திற் பிறந்த ஆங்கிலச் சொல்லோ மனிதப் பிணத்தைச் சுட்டுவது. ஒரு சொல் இடந்தோறும் பொருள் திரிவது மொழியியல் மாணவருக்குப் புதிதன்று. தமிழில் 'நாற்றம்' நறுமணத்தையே சுட்டிய காலமும் உண்டு.

இவ்வேறுபாடு அன்று மறைக்கப்படவுமில்லை. 'ரைம்ஸ்' பத்திரிகையின் வாசகர் கடிதப் பகுதியிலேயே அச்சொல்லின் பொருள் விவாதிக்கப்பட்டது. எனினும் கதை நிலைத்தது. இதனைப் பொதுமக்களின் பேதைமை எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் அது நேர்மையான விளக்கமாகாது. 1914இல் லூவேன் நூலகம் எரியுண்டதும், பெல்ஜியத்தில் ஆயிரக்கணக்கான குடிமக்கள் கொல்லப்பட்டதும் உண்மை. கடல் முற்றுகையால் ஜேர்மனியிற் கொழுப்புக்குத் தட்டுப்பாடு நிலவியதும் உண்மை. கொழுப்பிலிருந்து பெறப்படும் கிளிசரின் வெடிமருந்துக்கு வேண்டியிருந்தது. அறிந்த உண்மைகளிலிருந்தே மக்கள் அறியாததை ஊகித்தனர்.

அரசினர் நடந்துகொண்ட முறை வேறு. 1917 ஏப்ரல் 30ஆந் திகதி பொதுமக்கள் சபையில் வினவப்பட்டபோது, பத்திரிகைகளில் வந்ததற்கு அப்பால் அரசிடம் தகவல் இல்லையென றொபேட் செசில் பிரபு ஒப்புக்கொண்டார். ஆயினும் ஜேர்மன் இராணுவத்தின் ஏனைய செயல்களை நோக்குமிடத்து இக்குற்றச்சாட்டு நம்பத்தகாததன்று என்றும் சேர்த்துக்கொண்டார். மறுப்பதற்கும் உறுதிப்படுத்துவதற்கும் இடைப்பட்ட இத்தகைய வாசகமே வதந்திக்கு உரமாயிற்று.

1925 ஒக்டோபரில், போர்க்காலப் புலனாய்வுத் தலைவரான சாட்டரிஸ் என்னும் படையதிகாரி, இரு புகைப்படங்களின் குறிப்புகளை மாற்றி இக்கதையைத் தாமே உருவாக்கியதாக நியூயோர்க்கிற் பேசினாரெனச் செய்தி வந்தது. நாடு திரும்பியதும் அவர் அதனை மறுத்தார். 1915ஆம் ஆண்டு நாட்குறிப்பொன்றிலேயே இவ்வதந்தி காணப்படுதலால், ஒருவர் தலையிற் பிறந்த கதையாக இதனைக் கொள்வதற்கில்லை. அவ்வாண்டு டிசெம்பரில் வெளிநாட்டமைச்சர் ஒஸ்ரின் சேம்பலின், ஜேர்மன் அரசின் மறுப்பைப் பாராளுமன்றத்தில் ஏற்றுக்கொண்டார். 1928இல் ஆதர் பொன்சன்பியின் நூல் போர்க்காலப் பொய்கள் பலவற்றோடு இதனையும் அம்பலப்படுத்தியது.

ஏமாற்றப்பட்டோர் இனி எதையும் எளிதில் நம்புவதில்லை என்றிருந்தனர். அந்த எச்சரிக்கைக்கு விலை கொடுத்தோர் வேறு மக்கள். 1943 ஓகஸ்டில், போலந்தில் நச்சுவாயு அறைகளில் மக்கள் கொல்லப்படுவது பற்றிய அறிக்கைகள் இலண்டனில் ஆராயப்பட்டன. பிரித்தானியக் கூட்டுப் புலனாய்வுக் குழுவின் தலைவர் கவென்டிஷ் பென்ரிங், அவை முந்திய போரின் பிணக்கொழுப்புக் கதையை நினைவூட்டுகின்றன என எழுதினார். அம்மாத இறுதியில் வெளியான நேசநாடுகளின் பிரகடனத்தில், சான்று போதாதெனக் கூறப்பட்டு, வாயு அறைகள் பற்றிய சொற்கள் நீக்கப்பட்டிருந்தன.